துறைத் தலைவர்களைத் தயார்படுத்துவது யார்?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

மலையகத்துக்குத் தனியான பல்கலைக்கழகம் வேண்டும் என்ற கோரிக்கை தொடர்பாகத் தங்கள் பத்திரிகையில் கட்டுரைகளும் கடிதங்களும் அடிக்கடி வெளிவருகின்றன. அக்கோரிக்கையை நானும் ஆதரிக்கிறேன். எனினும், காணி எங்கே, கட்டடத்துக்கு நிதி யார் தருவது, யார் பெயரைச் சூட்டுவது என்றெல்லாம் விவாதிக்கின்ற நாம், பல்கலைக்கழகங்களில் எங்கள் பிள்ளைகளின் அன்றாட நிலையைத் தீர்மானிக்கின்ற துறைத் தலைவர் பதவியைப் பற்றி வாய் திறப்பதே இல்லை. துணைவேந்தர் யார் என்பது செய்தியாகிறது. பீடாதிபதித் தெரிவும் சில வேளைகளில் செய்தியாகிறது. துறைத் தலைவர் மாறியது பக்கத்துத் துறைக்குக்கூடத் தெரிவதில்லை.

1978 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின்படி, துணைவேந்தரின் பரிந்துரையின் பேரில் பல்கலைக்கழகத்தின் ஆளும் சபையான பேரவை துறைத் தலைவரை மூன்றாண்டு காலத்துக்கு நியமிக்கிறது. நடைமுறையில் இது பெரும்பாலும் முறை வைத்து வருகின்ற பொறுப்பாகவே இருக்கிறது. நிரந்தர ஆசிரியர்கள் நாலைந்து பேரே உள்ள சிறிய துறையொன்றில், ஒருவர் மேற்படிப்புக்காக வெளிநாடு சென்றிருப்பார், இன்னொருவர் ஏற்கெனவே தலைவராக இருந்து களைத்துப்போயிருப்பார். ஆகவே கலாநிதிப் பட்டத்தை முடித்துக்கொண்டு அப்போதுதான் திரும்பி வந்தவரின் மேசைக்கு நியமனக் கடிதம் வந்துசேரும். தன் பாடத்தில் அவர் வல்லவராக இருக்கலாம். ஆனால் மறுநாள் காலையிலிருந்து விரிவுரைப் பகிர்வு, பரீட்சகர் நியமனம், வருகைதரு விரிவுரையாளர்களின் கொடுப்பனவு, ஆய்வுகூடப் பொருட்களின் பெறுகை, தர மீளாய்வுக்கான சுயமதிப்பீட்டு அறிக்கை, பகிடிவதை முறைப்பாடு என அவர் கையொப்பமிட வேண்டிய எதுவும் அவருடைய கலாநிதிப் பட்ட ஆய்வில் இருந்ததில்லை. இவற்றுட் பலவற்றை முகாமைத்துவ உதவியாளர் ஒருவரே அவருக்குக் கற்றுக்கொடுக்கிறார் என்பது பல்கலைக்கழக வட்டாரத்தில் எல்லோரும் அறிந்த விடயம்.

இதன் விளைவை நான் அருகிலிருந்து பார்த்த ஒரு நிகழ்வைக் கொண்டு சொல்கிறேன். பல்கலைக்கழகத்தின் பெயர் இங்கு தேவையில்லை. பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றைச் சேர்ந்த, அக்குடும்பத்தின் முதற் பட்டதாரியாக வரவேண்டிய பிள்ளையொருவர் இறுதியாண்டுப் பரீட்சையை எழுதி முடித்திருந்தார். ஒரேயொரு பாடத்தின் விடைத்தாள்கள் இரண்டாம் பரீட்சகரிடம் மாதக்கணக்காகக் கிடந்தன. இதற்கிடையில் பட்டதாரி ஆசிரியர் நியமனத்துக்கான விண்ணப்ப முடிவுத் திகதி வந்துவிட்டது. பெறுபேற்றை உறுதிப்படுத்தும் கடிதம் கேட்டு அப்பிள்ளை துறை அலுவலகத்துக்கு நடையாய் நடந்தார். அலுவலகம் "சேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்" என்றது. அந்தச் சேர், அதாவது இரண்டாம் பரீட்சகர், துறைத் தலைவருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த ஆசிரியர். நேற்றுவரை எவரைக் கண்டு எழுந்து நின்றாரோ அவருக்கே நினைவூட்டல் கடிதம் எழுத வேண்டிய நிலையில், இளம் தலைவர் ஒன்றும் எழுதாமலே இருந்துவிட்டார். மாற்றுப் பரீட்சகர் ஒருவரை நியமிக்குமாறு பீடாதிபதி ஊடாக, கல்வி விடயங்களைத் தீர்மானிக்கின்ற மூதவையைக் கோர முடியும் என்பது அவருக்குத் தெரியாதா, அல்லது தெரிந்தும் துணிவு வரவில்லையா என்பதை நான் அறியேன். விண்ணப்பத் திகதி கடந்துபோனது.

அந்தத் தலைவரைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு மனமில்லை. மரியாதையைக் குறைக்காமல், அதே வேளை கடமையையும் விட்டுக்கொடுக்காமல் மூத்தவர் ஒருவரிடம் எப்படிப் பேசுவது என்பது, குருவைத் தெய்வமாக வைத்துப் பழகிய எங்கள் சமூகத்தில் தானாக வந்துவிடுகின்ற திறமையன்று. அது கற்பிக்கப்பட வேண்டும்; கற்பிக்கவும் முடியும்.

பாடசாலை அதிபராவதற்குப் போட்டிப் பரீட்சையும் அதிபர் சேவையும் உண்டு. மீப்பேயில் கல்வித் தலைமைத்துவ அபிவிருத்தி நிலையம் உண்டு. நிருவாக சேவை அதிகாரிகளுக்கு இலங்கை அபிவிருத்தி நிருவாக நிறுவகம் உண்டு. பல்கலைக்கழகத்தில் தகுதிகாண் காலத்திலுள்ள இளம் விரிவுரையாளர்கூட, பதவி உறுதிப்படுத்தப்படுவதற்கு ஆளணி அபிவிருத்தி நிலையத்தின் கற்பித்தற் பயிற்சி நெறியை முடித்தாக வேண்டும். அந்த விரிவுரையாளரையும் அவருடைய சகாக்களையும் வழிநடத்துபவருக்கு மட்டும் அத்தகைய கட்டாயம் எதுவுமில்லை. கிடைத்தால் ஒரு நாள் செயலமர்வு, அதன் முடிவில் ஒரு சான்றிதழ், ஒரு குழுப்படம். ஐக்கிய இராச்சியத்தில் உயர்கல்வித் தலைமைத்துவத்துக்கென்றே 2004 இல் ஓர் அமைப்பு உருவாக்கப்பட்டது. இந்தியாவில் 2019 இல் தொடங்கப்பட்ட திட்டத்தில், அடுத்த நிலைக்கு வரவிருக்கும் கல்வியாளர்கள் இரு வாரங்கள் உள்நாட்டிலும் ஒரு வாரம் வெளிநாட்டிலும் பயிற்சி பெற ஏற்பாடு செய்யப்பட்டது. வெளிநாட்டுப் பயணம் நமக்குக் கட்டுப்படியாகாது, அதற்கு அவசியமும் இல்லை. ஆனால் பதவிக்கு வருவதற்கு முன்பே பயிற்சி என்ற அந்த ஒழுங்கை நாம் எடுத்துக்கொள்ளலாம்.

"தலைமைத்துவப் பயிற்சி" என்ற சொல்லைக் கேட்டதுமே பல்கலைக்கழக ஆசிரியர்கள் முகஞ்சுளிப்பதற்குக் காரணமும் இருக்கிறது. 2011 இல் பல்கலைக்கழகங்களுக்குத் தெரிவான மாணவர்களை இராணுவ முகாம்களுக்கு அனுப்பி அப்பெயரில் நடத்தப்பட்டதை எவரும் மறக்கவில்லை. நான் கேட்பது அணிவகுப்பையும் அன்று, ஊக்கமூட்டும் பேச்சாளர்களின் கைதட்டல் நிகழ்ச்சிகளையும் அன்று. அடுத்த தலைவர் யார் என்பதை ஆறு மாதங்களுக்கு முன்னரே முடிவுசெய்து, அவரைப் பதவியிலுள்ளவருக்கு அருகில் அமரச்செய்து, ஒரு பரீட்சைச் சுற்றையும் ஒரு வரவுசெலவுத் தயாரிப்பையும் பீடச் சபைக் கூட்டங்களையும் அவர் நேரிற் காண வழிசெய்ய வேண்டும். பழைய கோவைகளிலிருந்து பெயர்களை நீக்கிவிட்டு, "இந்த முறைப்பாடு உங்களிடம் வந்திருந்தால் முதல் நாளில் என்ன செய்வீர்கள்?" என்று கேட்கின்ற அமர்வுகள் வேண்டும். வேறொரு பீடத்தில் தலைவராக இருந்து ஓய்ந்த ஒருவர், தயக்கமின்றித் தொலைபேசியில் ஆலோசனை கேட்கக்கூடிய துணையாக அவருக்கு அமைய வேண்டும். சொந்தத் துறைக்குள் கேட்டால் பலவீனம் என்பார்கள். வெளியே கேட்டால் அந்தப் பயம் இல்லை.

மலையகத்தைப் பொறுத்தவரை இன்னொன்றும் சேர வேண்டும். நுவரெலியா, பதுளை மாவட்டங்கள் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கான மேலதிக ஐந்து வீத ஒதுக்கீட்டில் அடங்குகின்றன. அனுமதியின்போது மாணவரின் பின்னணியைக் கணக்கிலெடுக்கும் அரசு, அனுமதிக்குப் பின்னர் அதை மறந்துவிடுகிறது. லயன் அறையிலிருந்து வருகின்ற பிள்ளைக்கு, பரீட்சை நாளில் காய்ச்சல் வந்தால் எந்த மருத்துவச் சான்றிதழை எத்தனை நாட்களுக்குள் யாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று வீட்டில் சொல்லித்தர எவருமில்லை. தோட்ட மருந்தகத்தின் துண்டை எடுத்துக்கொண்டு வந்து நிற்கின்ற அப்பிள்ளையை, காலக்கெடு முடியும் முன்னர் உரிய மருத்துவ அதிகாரியிடம் அனுப்பிவைக்கத் தெரிந்த துறைத் தலைவர் இருந்தால் அப்பிள்ளையின் ஓராண்டு மிஞ்சும். இத்தகைய விடயங்கள் பயிற்சி நெறியில் எழுத்தில் இடம்பெற வேண்டும்.

பேராதனையிலும் பதுளையிலுள்ள ஊவா வெல்லஸ்ஸவிலும் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. இரண்டும் சேர்ந்து இத்தகைய நெறியொன்றைத் தொடங்குவதற்குப் புதிய கட்டடம் எதுவும் வேண்டியதில்லை. ஓய்வுபெற்ற நல்ல தலைவர்கள் கண்டியிலேயே பலர் வசிக்கிறார்கள். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு, தகுதிகாண் விரிவுரையாளர்களுக்கு விதித்ததைப் போன்ற ஒரு நிபந்தனையைத் துறைத் தலைவர் நியமனத்துக்கும் சுற்றறிக்கை மூலம் விதிக்க வேண்டும் என்றும், மலையகப் பல்கலைக்கழகத்துக்கான முன்மொழிவுகளைத் தயாரிப்போர் கட்டட வரைபடத்துடன் இதற்கான நிதியையும் முதலாம் ஆண்டுக் கணக்கிலேயே சேர்க்க வேண்டும் என்றும் தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற கல்வியியற் கல்லூரி விரிவுரையாளர்,
ஹட்டன்.