மேப்பிள் சிவப்பு: மகளுக்கு ஒரு கடிதம்

அன்பு மகள்,

ஓவியத்துக்கு மாதிரிப் படம் எடுக்க கனடாவின் ஒன்ராறியோவிலுள்ள அல்கோன்குயின் பூங்காக் காட்டுக்குப் போகப்போவதாகச் சொன்னாய். வெளிக்கிட முதல் இதை ஒருக்கால் ஆறுதலாக வாசி.

முதலில் நாளைப் பார். அங்கே சர்க்கரை மேப்பிள் நன்றாகச் சிவந்து நிற்பது செப்டெம்பர் கடைசி வாரமும் ஒக்டோபர் முதல் சில நாட்களும்தான். இடையில் பலத்த காற்றோடு ஒரு மழை வந்தால் இலை எல்லாம் நிலத்தில் கிடக்கும். அதைத் தவறவிட்டாலும் கவலைப்படாதே. ஆஸ்பன், பேர்ச் மரங்கள் ஒக்டோபர் நடுப்பகுதிவரை மஞ்சளாக நிற்கும், அதன் பிறகு டமராக் மரத்தின் ஊசியிலைகள் பொன்னிறமாகும். சனி, ஞாயிறு வேண்டாம், சனம் நிறைந்துவிடும். வாகன அனுமதியை ஐந்து நாளுக்கு முன்பிருந்தே இணையத்தில் எடுக்கலாம். திறந்த அன்றைக்கே எடுத்துவிடு.

ஒட்டாவாவிலிருந்து போகிற நீ கிழக்கு வாசலால் நுழைவாய். 60ஆம் நெடுஞ்சாலையில் கிலோமீற்றர் கணக்கு மேற்கு வாசலில் தொடங்குவதால், உனக்கு எண் 56இலிருந்து இறங்கிக்கொண்டு வரும். 42.5இல் சதுப்பு நிலத்தின் மேலே போகும் ஸ்புரூஸ் பொக் பலகைப் பாதை. டமராக் பார்க்க அங்கே போ. 39.7இல் லுக்அவுட் பாதை. இரண்டு கிலோமீற்றர்தான், ஆனால் நல்ல ஏற்றம். மேலே பாறை விளிம்பு ஈரத்தில் வழுக்கும், கமரா முக்காலியை விளிம்பிலிருந்து தள்ளியே வை.

வெயில் எறிக்கட்டும் என்று காத்திருக்காதே. மேகம் மூடிய நாளில், மழை விட்ட கையோடு, நிறம் தடித்துத் தெரியும். ஆனால் ஈர இலையின் மேல் வானத்தின் வெள்ளை படிந்து பளபளக்கும், அது நிறத்தை மறைத்துவிடும். அதற்குத்தான் போலரைசர், லென்ஸின் முன்னால் மாட்டி பளபளப்பைக் குறைக்கும் கண்ணாடி. கண்ணை எடுக்காமல் மெல்லத் திருப்பு. பளபளப்பு விலகி இலையின் சொந்த நிறம் மேலே வருகிற இடத்தில் நிறுத்து. ஒன்றரை, இரண்டு ஸ்டொப் வெளிச்சத்தை (ஒரு ஸ்டொப் குறைந்தால் வெளிச்சம் பாதி) அது விழுங்கும் என்பதால் முக்காலி கட்டாயம். லென்ஸின் துவாரம் எஃப் 8, ஒளியுணர்வு ஐஎஸ்ஓ 100, இரண்டு செக்கன் டைமர். முக்காலியில் வைத்ததும் லென்ஸின் அசைவுத் தடுப்பை நிறுத்திவிடு. காற்று வீசினால் முக்காலி இலையைப் பிடித்து வைக்காது. அப்போது ஐஎஸ்ஓவை 800க்கு ஏற்றி 1/250 செக்கனில் எடு. அகல லென்ஸில் நீல வானம் சேர்ந்தால் போலரைசரைக் கழற்று, இல்லாவிட்டால் வானத்தின் ஒரு பக்கம் மட்டும் கருத்துப்போகும்.

மகள், ஓவியருக்கு மிக முக்கியமானது இது. கமரா சிவப்பில் ஏமாற்றும். கமரா சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று சனல்களாகத்தான் நிறத்தைப் பதியும். வெயில் பட்ட மேப்பிள் இலையில் பச்சை, நீலச் சனல்கள் நிரம்பாமல் இருக்கும்போதே சிவப்புச் சனல் நிரம்பி வழிந்துவிடும். வெளிச்ச அளவைக் காட்டும் வெள்ளை வரைபடத்தில் (ஹிஸ்டோகிராமில்) எல்லாம் சரிபோலத் தெரியும். வீட்டில் பெரிதாக்கினால் நரம்பு இல்லை, மடிப்பு இல்லை, இலை சிவப்புக் கடதாசி வெட்டி ஒட்டினதுபோல் தட்டையாகக் கிடக்கும். போன நரம்பு திரும்பி வராது. ஆகவே மூன்று நிற ஹிஸ்டோகிராமைப் போட்டு, சிவப்பு வலது சுவரில் முட்டுவது நிற்கும்வரை எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் வெளிச்சத்தை, குறை. பெரும்பாலும் மூன்றில் இரண்டு ஸ்டொப் போதும். ரோவில், அதாவது கமராவின் மூலக் கோப்பாக, எடு. தானியங்கி வைட் பலன்ஸை (நிறச் சமநிலையை) நம்பாதே. முழுக் காடும் செம்மையாக இருந்தால் அதைப் பிழை என்று எண்ணி நீலத்தைச் சேர்த்துவிடும். ‘வெயில்’ நிலையில் பூட்டி வை. வெளிச்சம் மாறும்போதெல்லாம் பின்னால் நிறத்தைச் சரிபார்க்க, சாம்பல் அட்டையை ஒருமுறை படம் எடுத்துக்கொள்.

அப்படி எடுத்தாலும் படம் பாதிச் சாட்சிதான். சிறு பலகையில் அந்த இடத்திலேயே நாலைந்து நிறத்தைக் கலந்து தீற்றி, இலைக்குப் பக்கத்தில் பிடித்துப் பார். அக்ரிலிக் கொண்டுபோகாதே. குளிர் 10 பாகைக்குக் கீழே இறங்கினால் அது சரியாகப் படலம் கட்டாது, காய்ந்த பின் உதிரும். எண்ணெய் வர்ணம்தான் நல்லது. கனடிய ஓவியர் ரொம் தொம்சனும் அந்தக் காட்டில் ஏறக்குறைய 21க்கு 26 சென்ரிமீற்றர் மரப்பலகைகளில் எண்ணெய் வர்ணத்தில்தான் தீட்டினார். அவருடைய ‘ஜாக் பைன்’ ஓவியம் உன் ஊர்த் தேசியக் கலைக்கூடத்திலேயே இருக்கிறது. போவதற்கு முதல் அதன் முன்னால் அரை மணி நேரம் நில். கிட்டப் போனால் மேற்பூச்சின் இடைவெளிகளில் அடிப்பூச்சின் சிவப்பு எட்டிப் பார்க்கும். படத்தின் குளிர்ந்த நிறங்கள் அவ்வளவு உயிரோடு இருப்பதற்கு அந்தச் சிவப்பும் காரணம். நீ காட்டில் தேடவேண்டியதும் இப்படியான அயல் நிறங்களைத்தான். கருத்த ஸ்புரூஸ் ஊசியிலை மரத்துக்கு முன்னால் நிற்கிற ஒற்றை மேப்பிள், முழு மலைச்சரிவைவிடக் கூடச் சிவப்பாய்த் தெரியும். தூரத்தைக் கிட்ட இழுக்கும் 70-200 லென்ஸ் அதற்கு உதவும்.

விடிய ஏரியில் பனிமூட்டம் வேண்டுமென்றால், தெளிந்த, காற்றில்லாத, குளிர்ந்த இரவைப் பார்த்துப் போ. ஒக்டோபர் தொடக்கத்தில் சூரியன் ஏழேகால் அளவில்தான் வரும், ஆறரைக்கே கரையில் நில். பனிமூட்டத்தைக் கமரா சாம்பலாக்கும், இங்கே மட்டும் எக்ஸ்போஷரை முக்கால் ஸ்டொப் அளவு கூட்டு. மேலதிக பற்றரியை உள்சட்டைப் பையில் வை, குளிரில் அது கெதியாக இறங்கும். காருக்குள் ஹீற்றர் போட முதல் கமராவைப் பைக்குள் வைத்து ஸிப்பை இழுத்து மூடு. சூடாகும்வரை, ஒரு மணி நேரமாவது, திறக்காதே. இல்லாவிட்டால் லென்ஸில் ஈரம் படியும்.

இருட்ட முதல் பாதையை விட்டு வெளியே வந்துவிடு. மூஸ் என்ற பெரிய மான் உயரமான மிருகம், காரின் வெளிச்சம் அதன் கண்ணுக்கு எட்டாது, கிட்ட வரும்வரை தெரியாது. காரை மெதுவாக ஓட்டு. வீட்டுக்கு வந்ததும் கோல் எடு, எத்தனை மணியானாலும் பரவாயில்லை.

அன்புடன்,
அப்பா