அம்மாவின் வாய் எந்த நிகழ்ச்சி நிரலில் வருகிறது?

எங்கள் கவுன்சிலின் சுகாதார, முதியோர் பராமரிப்புக் கண்காணிப்புக் குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். இந்த மடலின் ஆங்கில வடிவம் சென்ற வாரமே உங்கள் குழுவின் செயலாளர் கைக்குப் போய்விட்டது. தமிழிலும் எழுதக் காரணம் உண்டு. உங்கள் குழுவில் தமிழ் பேசும் உறுப்பினர்கள் இருவர் இருக்கிறீர்கள். தை மாதம் பொங்கல் விழாவில் உங்களுக்குப் பொன்னாடை போர்த்தியபோது பின்வரிசையில் நின்று கைதட்டியவர்களில் நானும் ஒருவன். அந்தப் பொன்னாடைக்குப் பதிலாக இப்போது முதியவர்களின் வாய்ச் சுகாதாரம் பற்றி ஒரு கேள்வியைக் கேட்கச் சொல்கிறேன். மற்ற உறுப்பினர்களுக்கு ஆங்கிலப் பிரதி போதும்.

நான் இலண்டனில் பஸ் ஓட்டுகிறவன். போன மாதம் ஒரு புதன்கிழமை, பகல் முறை முடிந்து சீருடையோடே வந்து உங்கள் கூட்டத்தில் பொதுமக்கள் இருக்கையில் உட்கார்ந்திருந்தேன். மொத்தம் நாங்கள் மூன்று பேர். அதில் ஒருவர் மழைக்கு ஒதுங்கியவர் என்று நினைக்கிறேன். ஆறாவது விடயம் என்.எச்.எஸ், அதாவது அரச சுகாதார சேவையின் பல் வைத்தியம். அதற்கு 18 நிமிடம் எடுத்தது. ஓர் உறுப்பினர் தன்னுடைய பல் வைத்தியரைப் பற்றி நல்ல வார்த்தை சொன்னார். பிறகு தலைவர், "அறிக்கை கவனத்தில் கொள்ளப்பட்டது" என்றார். ஒன்பதாவது விடயம் முதியோர் பராமரிப்பு. சி.கியூ.சி எனப்படும் பராமரிப்புத் தர ஆணையம் கவுன்சிலை மதிப்பிட வரப்போகிறது, அதற்கு எப்படித் தயாராகிறோம் என்று அதிகாரிகள் படங்காட்டி விளக்கினார்கள். அதுவும் கவனத்தில் கொள்ளப்பட்டது.

இரண்டு அறிக்கைகளையும் வீட்டுக்குக் கொண்டுபோய் எழுத்தெண்ணிப் படித்தேன். முதலாவதில் பராமரிப்பு என்ற சொல் இல்லை. இரண்டாவதில் பல் என்ற சொல் இல்லை. என் அம்மாவுக்கோ இரண்டும் ஒரே வாயில் இருக்கின்றன.

அம்மாவுக்கு வயது 84. பருத்தித்துறைப் பக்கம் முப்பது வருடத்துக்கு மேல் ஆசிரியையாக இருந்தவர். நான்கு வருடமாக மறதி நோய். மேல் வரிசை முழுவதும் பொய்ப்பல், கீழே சொந்தப் பல் ஏழு. இரவில் பொய்ப்பல்லைக் கழற்றி மூடியுள்ள ஒரு சிவப்புக் கிண்ணத்தில் போடுவார். மற்ற எதை மறந்தாலும் அந்தக் கிண்ணத்தை மறக்கமாட்டார். பனிக்காலத்தில் வழுக்கி விழுந்து ஒன்பது நாள் வைத்தியசாலையில் இருந்தபோது அந்தக் கிண்ணம் வீட்டில் இருந்துவிட்டது. காலை உணவுக்குப் பிறகு பல்லைக் காகிதக் கைக்குட்டையில் சுற்றிச் சாப்பாட்டுத் தட்டின் ஓரத்தில் வைத்திருக்கிறார். தட்டு போன வழியே பல்லும் போய்விட்டது. ஒரு தாதி கையுறை போட்டுக்கொண்டு குப்பைப் பையை அவிழ்த்துத் தேடினார். அவரை நான் குறை சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகுதான் கதை தொடங்கியது. ஓய்வு இடைவேளைகளில் பஸ் டிப்போவில் இருந்துகொண்டு பல் வைத்திய நிலையங்களுக்குத் தொலைபேசி எடுத்தேன். கொப்பியில் குறித்து வைத்திருக்கிறேன், மூன்று வாரத்தில் 19 இடம். பதினொரு இடத்தில் என்.எச்.எஸ் மூலம் புதிதாகப் பெரியவர்களை எடுப்பதில்லை. ஐந்து இடத்தில், தனியார் கட்டணம் கட்டுவதென்றால் இந்த வாரமே வரலாம் என்றார்கள். இரண்டு இடத்தில் தொலைபேசியை யாரும் எடுக்கவில்லை. ஒரே ஓர் இடத்தில் வரச் சொன்னார்கள். அது ஒரு கடைக்கு மேலே, முதலாம் மாடி, 14 படி, லிஃப்ட் கிடையாது. சக்கர நாற்காலியை வாசலில் நிறுத்திவிட்டுப் படிகளை எண்ணிப் பார்த்துத் திரும்பினோம். நடமாட முடியாதவர்களுக்கான சமூகப் பல் வைத்திய சேவைக்கு அதன்பிறகு விண்ணப்பம் போனது. ஐந்து மாதம் காத்திருந்தோம்.

அந்த ஐந்து மாதத்தில் நடந்ததைத்தான் நீங்கள் கேட்க வேண்டும். பல்லுப் போனால் சொல்லுப் போச்சு என்பார்கள். அம்மாவுக்கு ஏற்கனவே சொற்கள் குறைந்துகொண்டு வந்தன, மிச்சம் இருந்தவையும் குழறத் தொடங்கின. அந்த நேரம் பார்த்துத்தான் கவுன்சிலின் மதிப்பீடு நடந்தது. சமூக சேவையாளர் மடிக்கணினியோடு வந்தார். தொலைபேசி ஒலிபெருக்கியில் மொழிபெயர்ப்பாளர், சென்னைத் தமிழர், மரியாதையான மனிதர். யாழ்ப்பாணத்துப் பேச்சு, அதுவும் பல்லில்லாத வாயில் இருந்து வந்தால் அவர்தான் என்ன செய்வார்? "பல்லைக் காணவில்லை" என்று அம்மா திரும்பத் திரும்பச் சொன்னார். மொழிபெயர்ப்பாளர் காதில் அது "பிள்ளையைக் காணவில்லை" என்று விழுந்திருக்கிறது. பிள்ளை நான் பக்கத்தில் நிற்கிறேன். சமூக சேவையாளர் என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், தட்டச்சு செய்தார். நான் விளக்கிச் சொன்னேன், கேட்டுக்கொண்டார். ஆனால் இரண்டு வாரம் கழித்துத் தபாலில் வந்த அறிக்கையில், தன் மகனை அடையாளம் காணவில்லை, தொடர்பாடல் திறன் பெரிதும் குறைந்துவிட்டது, உணவை மறுக்கிறார், எடை குறைகிறது, முதியோர் இல்லத்தைப் பரிசீலிக்கலாம் என்று இருந்தது.

உணவை மறுத்தது உண்மை. புட்டைச் சொதியில் ஊறவைத்துக் குழைத்துக் கொடுத்தாலும் வாயைப் பொத்திக்கொண்டார். நோய் முற்றிவிட்டது என்று எல்லோரும் நினைத்தோம், நான் உட்பட. கடைசியில் சமூகப் பல் வைத்தியர் வீட்டுக்கு வந்து, சமையலறைக் கதிரையில் இருத்தி, தலையில் மாட்டிய விளக்கோடு ஐந்து நிமிடம் பார்த்தார். கீழ்ப் பல் ஒன்று உடைந்து, அதன் கூரான ஓரம் நாக்கைக் கிழித்துக்கொண்டு இருந்திருக்கிறது. ஈறு முழுவதும் வீக்கம். அந்தப் பல்லை எடுத்த மூன்றாம் நாள் அம்மா தோசை கேட்டார்.

இதற்கிடையில் கவுன்சில் செலவில் ஒவ்வொரு நாளும் காலையில் பராமரிப்புப் பெண் ஒருவர் வந்துகொண்டுதான் இருந்தார். அரை மணி நேரம். கழுவி, உடை மாற்றி, குளிசை கொடுத்து, காலை உணவு கொடுத்து, கையொப்பம் வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓட வேண்டும். நேர அட்டவணையோடு மல்லுக்கட்டும் தொழில்தான் எனதும். அதனால் அவரை எனக்கு நன்றாக விளங்கும். பராமரிப்புத் திட்டத்தை எடுத்துப் பார்த்தேன். தோலுக்குப் பூசும் களிம்பு இருக்கிறது, காலுறை அளவு இருக்கிறது. வாயைப் பற்றி ஒரு பெட்டி, அதில் "நினைவூட்டல் தேவை" என்று இரண்டு சொல். மறதி நோய்க்காரருக்கு நினைவூட்டல்! பல் துலக்கிவிட அந்தப் பராமரிப்புப் பெண்ணுக்கு நேரமும் தரப்படவில்லை, வாய்க்குள் பார்க்கச் சொல்லியும் யாரும் கொடுக்கவில்லை.

முதியோர் இல்லங்களுக்காவது ஒரு வழிகாட்டல் இருக்கிறது. சுகாதார வழிகாட்டல்களை எழுதும் நைஸ் நிறுவனம் 2016இல் வெளியிட்டது. இல்லத்தில் சேரும்போதே வாயைப் பரிசோதித்துக் குறிக்க வேண்டும், பொய்ப்பல்லை ஒவ்வொரு நாளும் சுத்தம் செய்ய வேண்டும் என்று அது சொல்கிறது. மூன்று வருடம் கழித்து சி.கியூ.சி போய்ப் பார்த்தபோது, பார்த்த இல்லங்களில் 52 சதவீதத்தில் வாய்ச் சுகாதாரத்துக்கென்று கொள்கையே இல்லை. இல்லங்களின் நிலைமை இது என்றால், பூட்டிய கதவுகளுக்குப் பின்னால் அரை மணி நேரப் பராமரிப்பில் இருக்கும் முதியவர்களை யார் எண்ணினார்கள்?

பல் வைத்தியம் எங்கள் கையில் இல்லை என்று நீங்கள் சொல்லலாம், அன்றைய கூட்டத்திலும் ஒருவர் சொன்னார். பாதி உண்மை. 2023 ஏப்ரலில் இருந்து இங்கிலாந்தில் பல் வைத்திய ஒப்பந்தங்களைக் கவனிப்பவை என்.எச்.எஸ்ஸின் பிராந்திய அமைப்புகளான ஒருங்கிணைந்த பராமரிப்புச் சபைகள். ஒப்பந்த முறையோ 2006இல் போட்டது. பல் வைத்தியருக்கு வேலை அலகுக் கணக்கில்தான் காசு. எங்கள் பஸ்ஸில் ஒரு தரிப்பு போனாலும் முப்பது தரிப்பு போனாலும் கட்டணம் ஒன்றுதான். அதே போல, ஒரு பல்லை அடைத்தாலும் ஆறு பல்லை அடைத்தாலும் மூன்று அலகு என்றுதான் 2022 கடைசி வரை இருந்தது. பஸ்ஸில் அது பயணிக்கு இலாபம். பல் வைத்திய நிலையத்தில், வாய் நிறையப் பிரச்சினையோடு வருகிறவரை வைத்தியர் தூர நின்று பார்க்கும்படி ஆகிவிட்டது. பிறகு கொஞ்சம் திருத்தினார்கள். ஆனால் ஒப்பந்தம் செய்த அலகுகளில் 96 சதவீதத்தை எட்டாத நிலையத்திடம் இருந்து காசைத் திருப்பி எடுக்கிறார்கள். ஒருபக்கம் பிரிஸ்டலில் 2024 பெப்ரவரியில் ஒரு பல் வைத்திய நிலையத்தின் வாசலில் நூற்றுக்கணக்கானோர் வரிசையில் நின்று பொலிஸ் வந்து ஒழுங்கு செய்தது, மறுபக்கம் பல்லுக்கென்று ஒதுக்கிய காசு செலவாகாமல் திரும்பிப் போகிறது. இதை நீங்கள் மாற்ற முடியாது, தெரியும்.

ஆனால் மீதிப் பாதி உங்கள் கையில்தான் இருக்கிறது. 2013இல் இருந்து உள்ளூர் மக்களின் வாய்ச் சுகாதாரத்தை மேம்படுத்தும் பொறுப்பு கவுன்சில்களுடையது. 2014ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டப்படி அம்மாவின் தேவைகளை மதிப்பிட்டதும் கவுன்சில்தான். கண்காணிப்புக் குழுவாக உங்களுக்கு இருக்கும் அதிகாரமும் சிறியதல்ல. என்.எச்.எஸ் அமைப்புகளிடம் தகவல் கேட்கலாம், அதிகாரிகளை நேரில் வரச் சொல்லலாம், பரிந்துரை அனுப்பிப் பதில் கேட்டால் 28 நாளில் அவர்கள் எழுத்தில் பதில் தர வேண்டும். சுகாதார அமைச்சருக்கு முறைப்படி விடயத்தை அனுப்பும் பழைய அதிகாரம் 2024 ஜனவரி 31உடன் போய்விட்டது. அதனால் கேள்வி கேட்கும் அதிகாரம் முன்னையை விடப் பெறுமதி கூடியது. நோயாளிகளின் கருத்தைத் திரட்டும் ஹெல்த்வாட்ச் அமைப்பையும் மூடப்போவதாக 2025இல் அரசாங்கம் அறிவித்துவிட்டது. மக்களிடம் போய்க் கேட்டு வந்து உங்கள் மேசையில் வைக்க அவர்களும் இல்லாவிட்டால், என்னைப் போல மூன்று பேர் பின்வரிசையில் இருப்பதுதான் மிச்சம்.

நோயாளிகள் மோசமாகக் கவனிக்கப்பட்ட ஸ்டாஃபர்ட் வைத்தியசாலை விவகாரத்தை விசாரித்து 2013இல் வந்த ஃபிரான்சிஸ் அறிக்கை, அந்தப் பகுதிக் கவுன்சில்களின் கண்காணிப்புக் குழுக்களையும் விட்டுவைக்கவில்லை. அவர்களுக்கும் அறிக்கைகள் வந்துகொண்டுதான் இருந்தன. கவனத்தில் கொண்டார்கள்.

நான் கேட்பது ஒரே ஒரு கூட்டம். ஆறாவது விடயத்தையும் ஒன்பதாவது விடயத்தையும் ஒன்றாக்குங்கள். பராமரிப்புச் சபையில் பல் வைத்தியத்துக்குப் பொறுப்பானவர், கவுன்சிலின் முதியோர் பராமரிப்புப் பணிப்பாளர், சமூகப் பல் வைத்திய சேவையை நடத்துபவர் ஆகிய மூவரையும் ஒரே மேசையில் இருத்துங்கள். கவுன்சில் பராமரிப்பில் இருக்கும் முதியவர்களில் எத்தனை பேர் கடந்த இரண்டு வருடத்தில் ஒரு பல் வைத்தியரைப் பார்த்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். அந்த எண் யாரிடமும் இருக்காது என்பது என் ஊகம். இருந்தால் மகிழ்ச்சி, பகிரங்கமாக மன்னிப்புக் கேட்கிறேன். இல்லாவிட்டால் ஏன் இல்லை என்பதிலேயே மாலை முழுவதும் போய்விடும், போகட்டும். வீட்டுப் பராமரிப்பு நிறுவனங்களோடு கவுன்சில் அடுத்த ஒப்பந்தம் போடும்போது வாய்ப் பராமரிப்புக்கு எத்தனை நிமிடம் என்று எழுதப்படுமா என்பதையும் அதே இடத்தில் கேட்டுவிடுங்கள்.

காசுக் கணக்கும் ஒன்று சொல்கிறேன், அது உங்களுக்குச் சீக்கிரம் விளங்கும். 2025 ஏப்ரல் கட்டணப்படி என்.எச்.எஸ் பொய்ப்பல்லுக்குக் கட்டணம் 326.70 பவுணாக இருந்தது. அம்மாவை அனுப்பச் சொன்ன முதியோர் இல்லம் வாரத்துக்கு ஆயிரம் பவுணைத் தாண்டும். சேமிப்பு 23,250 பவுணுக்கு மேல் இருந்தால் அது எங்கள் தலையில், இல்லாவிட்டால் பெரும்பாலும் கவுன்சிலின் தலையில். பல் எடுத்த பிறகு மறுமதிப்பீடு கேட்டேன். இந்த முறை தமிழ் தெரிந்த சமூக சேவையாளர் வந்தார். அம்மா அவருக்குத் தேநீர் போடச் சொல்லி என்னை அனுப்பினார். இல்லப் பேச்சு நின்றுவிட்டது.

இதை வாசிக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. அறுபது வயதுக்கு மேல் மருந்துச் சீட்டு இலவசம், கண் பரிசோதனை இலவசம், ஆகவே பல்லும் இலவசம் என்று நினைத்துப் படிவத்தில் அடையாளம் இட்டுவிடாதீர்கள். பல்லுக்கு வயதுச் சலுகை இல்லை. பென்ஷன் கிரெடிட் என்ற, வருமானம் குறைந்த ஓய்வூதியருக்கான அரச உதவியில் உத்தரவாதப் பகுதி பெறுகிறவர்களுக்கு இலவசம், வருமானம் குறைந்தவர்கள் எச்.சி.1 படிவம் அனுப்பிப் பார்க்கலாம். தவறாக அடையாளம் இட்டால் கட்டணத்தோடு 100 பவுண் வரை தண்டமும் வரும். எங்கள் கோவிலில் இருந்த ஒரு ஐயாவுக்கு வந்தது, அவர் அதன்பிறகு பல் வைத்தியர் பக்கமே தலை வைத்துப் படுப்பதில்லை. இந்த விளக்கத்தைத் தமிழில் ஒரு தாளில் அச்சடிக்கக் கவுன்சிலுக்கு எவ்வளவு செலவாகும்? 2021 கணக்கெடுப்பில் இந்த நாட்டில் தமிழைத் தங்கள் முதன்மை மொழி என்று எழுதியவர்கள் ஒரு லட்சத்துக்கும் அதிகம், எங்கள் பகுதியில் அவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும்.

அடுத்த கூட்டத்துக்கான பொதுமக்கள் கேள்வியாக மேலே சொன்ன எண்ணைக் கேட்டு, காலக்கெடுவுக்குள் அனுப்பிவிட்டேன். வாசிக்க மூன்று நிமிடம் தருவீர்களாம், எனக்கு ஒன்று போதும். அன்று பிற்பகல் மூன்றரைக்குத்தான் அம்மாவின் புதிய மேல் பல்லை மாட்டிப் பார்க்க வைத்தியர் வீட்டுக்கு வருகிறார். அது முடிந்து வரக் கொஞ்சம் பிந்தினால் கேள்வியைத் தள்ளிவைக்காதீர்கள், தமிழ் உறுப்பினர் ஒருவரே வாசித்துவிடட்டும்.

இப்படிக்கு,
பின்வரிசையில் சீருடையோடு இருந்தவன்