போனில் ஆலோசனை வருகிறது, மாத்திரை எப்போது வரும்?

பெறுநர்: மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர் மற்றும் துறைச் செயலாளர், தமிழ்நாடு அரசு

வணக்கம்.

புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலிமனாஸ் என்ற அரசின் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையைக் குறை சொல்வதற்காக இந்த மடல் இல்லை. 14416ஐ அழைத்தால் ராத்திரி பகல் பாராமல் தமிழில் பேச ஆள் கிடைக்கிறது, காசும் கிடையாது. பரீட்சை பயத்தில் தூக்கம் கெட்ட பிள்ளைக்கு அந்தப் பேச்சே பாதி மருந்து. ஆனால் என் அக்காவுக்கு இருப்பது மனச்சிதைவு நோய். அவளுக்கு வேண்டியது மாதம் தவறாத மாத்திரை.

அந்த மாத்திரை மாவட்டத் தலைநகரில் இருக்கிறது. இரண்டு பஸ் மாற வேண்டும். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, அடுத்த பஸ்ஸில் உண்டு. சீட்டுக்கு ஒரு வரிசை, டாக்டருக்கு ஒரு வரிசை, மருந்துக்கு இன்னொன்று. கூடப் போகிற எனக்கு அன்றைய கூலி போச்சு. அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். பஸ்ஸில் அக்கா தனக்குத்தானே முணுமுணுத்தால் முன் சீட்டில் இருப்பவர்கள் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்குப் பயந்தே "நான் வரலைப்பா" என்பாள். மாத்திரை நின்றால் முதலில் தூக்கம் போகும். அப்புறம் சோற்றில் விஷம் வைத்துவிட்டோம் என்று தட்டைத் தள்ளுவாள். ஊரில் காத்து கருப்பு என்று சொல்லி மந்திரிக்கக் கூப்பிடுவார்கள். 2001இல் ஏர்வாடியில் மனநோயாளிகளை அடைத்து வைத்த ஒரு காப்பகத்தில், சங்கிலியில் கிடந்த 28 பேர் தீயில் கருகினார்கள். அவர்களை அங்கே கொண்டுபோய் விட்டது மூடநம்பிக்கை மட்டும்தான் என்று நான் நம்பவில்லை. பக்கத்தில் வைத்தியம் இல்லாததும்தான்.

போன் பேச்சிலும் ஒரு சிக்கல் உண்டு. எங்கள் தெருவில் பாதி வீடுகள் ஒற்றை அறை. டவர் கிடைப்பது மோட்டார் ரூம் மேட்டில். குடிகாரப் புருஷனைப் பற்றி ஒரு பெண் அங்கே நின்று, அதுவும் அவனுடைய போனிலேயே, என்ன பேசிவிட முடியும்? 2024இல் டெலிமனாஸ் செயலியும் வந்தது. செயலி ஏற்றுகிற போன் வேண்டுமே!

இதற்கு வழி எங்கள் மாவட்டத்திலேயே இருந்தது. 2010 வாக்கில் சென்னையின் ஸ்கார்ஃப் என்ற மனநலத் தொண்டு நிறுவனம் ஒரு பேருந்தைக் கிராமங்களுக்கு அனுப்பியது. உள்ளே ஒரு சிறிய அறை, ஒரு திரை. சென்னையில் இருக்கும் மனநல மருத்துவர் திரையில் பேசுவார். அவர் எழுதுகிற மருந்தை அதே பேருந்தில் இருந்த மருந்தகத்தில் இலவசமாகக் கொடுத்தார்கள். திரையோடு மருந்துப் பெட்டியும் வந்தது, அதனால்தான் அது வைத்தியம் ஆனது. இன்று அரசு திரையை மட்டும் கொடுத்துவிட்டுப் பெட்டியை மறந்துவிட்டதோ என்று தோன்றுகிறது.

சட்டம் தடையாக இல்லை. போனிலும் திரையிலும் வைத்தியம் பார்ப்பதற்கான தொலைமருத்துவ வழிகாட்டு நெறிமுறைகள் 2020 மார்ச்சிலேயே வந்துவிட்டன. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 18வது பிரிவில் இன்னும் தெளிவாகச் சொல்கிறது: அத்தியாவசிய மனநல மருந்துகள் சமுதாய சுகாதார நிலையத்தில் தொடங்கி எல்லா அரசு மருத்துவமனைகளிலும் எப்போதும் இலவசமாகக் கிடைக்க வேண்டும். 'எப்போதும்' என்றால் 'ஸ்டாக் இல்லை, அடுத்த வாரம் வாங்க' என்பது அதில் சேராது.

ஆகவே கேட்கிறேன். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கதவு சாத்திப் பேசக்கூடிய ஓர் அறையை வாரத்தில் ஒரு நாள் ஒதுக்குங்கள். மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் அங்கே திரையில் வரட்டும். பக்கத்தில் செவிலியர் ஒருவர் இருக்கட்டும், மருந்தால் கை நடுங்குகிறதா, எடை ஏறிவிட்டதா என்பதைத் திரையில் பார்த்துச் சொல்ல முடியாது. எழுதிய மருந்தை அன்றைக்கே அங்கேயே கொடுங்கள். அடுத்தடுத்த மாதங்களுக்கு, 2021இலிருந்து சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் வீட்டு வாசலுக்குக் கொண்டுவருகிற மக்களைத் தேடி மருத்துவம் பையில் இதையும் சேர்த்துவிடுங்கள். என் அம்மாவுக்கு அந்தப் பையிலிருந்துதான் மாத்திரை வருகிறது. அதே திண்ணையில் உட்கார்ந்திருக்கும் அக்காவுக்கு மட்டும் நான் இரண்டு பஸ் மாறிப் போகிறேன்.

மாநிலம் முழுக்க ஒரே நாளில் முடியாது, சரி. ஒரு வட்டாரத்தில் ஆறு மாதம் நடத்திப் பாருங்கள். எத்தனை அழைப்பு வந்தது என்று எண்ணாமல், எத்தனை பேர் மாத்திரையை நிறுத்தாமல் சாப்பிட்டார்கள் என்று எண்ணுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தம்பி
புதுக்கோட்டை மாவட்டம்