மழுப்பாமல் ஒரு பெயர்

அன்புள்ள மருமகனே,

"மாமா, உங்களுக்குப் பிடித்த எலெக்ட்ரிக் கிட்டார் கலைஞர் யார்? மழுப்பாமல் ஒரே ஒரு பெயர் சொல்லுங்கள்" என்று நீ கேட்டு மூன்று வாரம் ஆகிறது. அன்றைக்கு மழுப்பத்தான் செய்தேன். ஹெண்ட்ரிக்ஸ் என்று ஆரம்பித்து, கில்மோர் என்று இழுத்து, பி.பி. கிங்கை எப்படி விட முடியும் என்று முடித்தேன். நீ சிரித்துவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டாய். அந்தச் சிரிப்பு உறுத்திக்கொண்டே இருக்கிறது, அதனால் இந்தக் கடிதம்.

எலெக்ட்ரிக் கிட்டாரில் யார் பெரிய ஆள் என்று கேட்டிருந்தால் சுலபம். ஹெண்ட்ரிக்ஸ் என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடலாம், யாரும் பெரிதாகச் சண்டைக்கு வரமாட்டார்கள். வலது கைக்காரர்களுக்கான கிட்டாரைத் தலைகீழாகத் திருப்பி, கம்பிகளை மாற்றிக் கட்டி வாசித்த மனிதர். 1970-ல், 27 வயதில் போய்ச் சேர்ந்துவிட்டார். கும்பிடு போடுகிறேன். ஆனால் ராத்திரி பதினோரு மணிக்கு விளக்கை அணைத்த பிறகு அவரைப் போட்டுக் கேட்கமாட்டேன். நீ கேட்டது அந்தப் பதினோரு மணி ஆளை என்று எடுத்துக்கொள்கிறேன்.

உன் வயதில் எனக்கு எல்லாமே வேகம்தான். எடி வான் ஹாலன் 1978-ல் வந்த முதல் ஆல்பத்தில் இரண்டு நிமிடம்கூட இல்லாத ஒரு தனி வாசிப்பை வைத்தார். வலது கை விரலையும், இடது கை அழுத்துகிற கழுத்துப் பலகையான ஃப்ரெட்போர்டுக்குக் கொண்டுபோய்க் கம்பியைத் தட்டுகிற வித்தை. தாளம் காட்டுகிற மெட்ரோனோம் வைத்து மாதக்கணக்கில் பழகினேன். அவர் வாசித்தால் யாரோ வாய்விட்டுச் சிரிப்பது போலிருக்கும். நான் வாசித்தால் தட்டச்சுப் பள்ளிக்கூடம் போலிருந்தது.

அப்புறம் ப்ளாக் சபாத் குழுவின் டோனி அயோமி. 17 வயதில், தகரத் தொழிற்சாலையில் வேலையை விடவிருந்த கடைசி நாளில், வலது கையின் நடுவிரல் நுனியும் மோதிர விரல் நுனியும் இயந்திரத்தில் போயின. இடது கைக்காரர் என்பதால் அவருக்குக் கம்பியை அழுத்துகிற கையே அதுதான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்கு உறை செய்தார், மெல்லிய கம்பி கட்டினார், பிற்பாடு சுருதியையும் இறக்கினார். ஹெவி மெட்டலின் கனத்த சத்தத்தில் அந்தக் கைக்குப் பெரிய பங்கு உண்டு. இரண்டு வருடம் அவர் பெயரைத்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஒருநாள் யோசித்தால், அவருடைய கதையை எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேனோ அத்தனை தடவை அவர் ஆல்பத்தைக் கேட்டிருக்கவில்லை. உனக்குப் பிடித்தவர்கள் பட்டியலிலும் கதைக்காகவே உட்கார்ந்திருக்கிற இரண்டு பேரைப் பார்த்தேன். யார் என்று உனக்கே தெரியும்.

என்னை வழிக்குக் கொண்டுவந்தவர் பி.பி. கிங். பாடும்போது கிட்டாரை நிறுத்திவிடுவார், கிட்டார் பேசும்போது பாட்டை நிறுத்திவிடுவார். பல ஸ்வரங்களை ஒன்றாக ஒலிக்கிற கார்டு வாசிப்பதில் தான் மோசம் என்று அவரே ஒத்துக்கொண்டிருக்கிறார். ஒரே ஒரு ஸ்வரத்தில் விரலை ஊன்றி மணிக்கட்டைப் படபடவென்று அசைப்பார், அவ்வளவுதான், ஆளைத் தெரிந்துவிடும். இந்த வாத்தியத்தின் குணமே அப்படி. கம்பியின் அதிர்வைப் பிடிக்கிற பிக்கப்பில் இருப்பது காந்தமும் அதைச் சுற்றிய செம்புக் கம்பிச் சுருளும். எஃகுத் தந்தி அதிரும்போது சுருளில் துளி மின்சாரம் பிறக்கிறது, ஆம்ப் அதைப் பெருக்குகிறது. விரலின் நடுக்கம், நகம் உரசியது, தயங்கியது எல்லாம் சேர்ந்தே பெருகும். ஒளிய இடமில்லை.

சரி, பெயர். ஜெஃப் பெக்.

எண்பதுகளில், கம்பியை மீட்டுகிற சின்னத் தகடான பிக்கைத் தூக்கிப் போட்டுவிட்டு வெறும் விரலுக்கு மாறினார். கையில் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டார். வலது கையைப் பார்த்தால் ஒரே கையில் மூன்று ஆள் வேலை நடக்கும். கட்டைவிரல் கம்பியைச் சுண்டும், சுண்டுவிரல் வால்யூம் குமிழில் கிடக்கும், சுருதியை ஏற்றி இறக்குகிற கம்பியான ட்ரெமலோ பார் உள்ளங்கைக்குள் அடங்கியிருக்கும். சுண்டுகிற நொடியில் வால்யூம் பூஜ்யம். சுண்டிய சத்தம் யாருக்கும் கேட்காது. பிறகு குமிழ் மெல்லத் திறக்க, யாரோ இருட்டில் வாய் திறந்தது போல ஸ்வரம் வரும்.

1989-ல் வந்த 'கிட்டார் ஷாப்' ஆல்பத்தில் 'வேர் வெர் யூ' என்று ஒன்று இருக்கிறது. மெட்டின் பெரும்பகுதி ஹார்மோனிக்ஸ், அதாவது கம்பியை அழுத்தாமல் தொட்டு மட்டும் எழுப்புகிற மணியோசை. அது நினைத்த இடத்திலெல்லாம் கிடைக்காது, கம்பியில் சில இடங்களில்தான் உண்டு. நடுவில் விட்டுப்போன ஸ்வரங்களை ட்ரெமலோ பாரை அமுக்கியும் தூக்கியுமே பிடிக்கிறார். ஸ்வரத்துக்கு இடம் காட்டுகிற ஃப்ரெட் கட்டை துணைக்கு வராது, காதுதான் அளவுகோல். பல்கேரியப் பெண்களின் குழுப்பாடலைக் கேட்ட பாதிப்பில் பிறந்ததாம். நமக்கோ கமகத்தில் ஊறிய காது. ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப் போகிற வழியைத்தான் முதலில் கேட்போம். அதனாலேயே அவர் எனக்கு ஒட்டிக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

நானும் முயன்று பார்த்தேன். முதல் நான்கு ஸ்வரத்தில் மூன்று தப்பு. பாரை அமுக்க அமுக்கச் சுருதி கலைந்தது, ட்யூன் செய்வதிலேயே ஒரு சனிக்கிழமை மத்தியானம் போயிற்று. உன் அத்தை கதவைத் திறந்து, பூனை ஏதாவது எங்கேயாவது மாட்டிக்கொண்டதா என்று கேட்டுவிட்டுப் போனாள்.

குறை இல்லாத ஆள் இல்லை. பாட்டு எழுதுவதில் அவர் பெரிய கை அல்ல. 1975-ல் ஜார்ஜ் மார்ட்டின் தயாரித்த 'ப்ளோ பை ப்ளோ' மாதிரி முதலிலிருந்து கடைசிவரை கேட்கக்கூடியவை கொஞ்சம்தான். சில ஆல்பங்களை இரண்டாவது தடவை நான் தொட்டதே இல்லை. ஒரே ஸ்வரத்தில் ஆளைத் தெரிந்துகொள்கிற சோதனையில் பிங்க் ஃப்ளாய்டின் கில்மோருக்கும் முழு மதிப்பெண் கொடுப்பேன், பாட்டாகப் பார்த்தால் அவர் பக்கம்தான் எடை அதிகம். ஆனால் கில்மோர் எங்கே போய் நிற்பார் என்று எனக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. பெக் அடுத்த நொடி என்ன செய்வார் என்று அவருக்கே தெரியாதோ என்றிருக்கும். 2023 ஜனவரியில், 78 வயதில், அவர் இறந்த செய்தி வந்தது. அன்று ராத்திரி அந்த 1989 மெட்டைப் போடக் கை போகவில்லை. ஒரு வாரம் கழித்துத்தான் போட்டேன்.

லண்டனில் ரோனி ஸ்காட்ஸ் என்ற சின்ன ஜாஸ் கிளப்பில் 2007-ல் அவர் வாசித்ததைப் படம்பிடித்திருக்கிறார்கள். முதல் தடவை ஒலியை முழுக்க அணைத்துவிட்டு அந்தச் சுண்டுவிரலை மட்டும் பார். இரண்டாவது தடவை கண்ணை மூடிக்கொண்டு கேள். அப்புறம் உன்னுடைய பதினோரு மணி ஆள் யார் என்று எனக்கு எழுது. ஹெண்ட்ரிக்ஸ் என்றாலும் சண்டைக்கு வரமாட்டேன்.

அன்புடன்,
உன் மாமா