ஊடுருவுதிறன் அளக்கும் கருவியின் மூடி வளைவது குறித்த புகார்

அனுப்புநர்
பரிசோதனைப் பிரிவு,
கார்பன் ஃபைபர் பாகங்கள் தயாரிப்புப் பட்டறை,
ஓசூர்.

பெறுநர்
மேலாளர், வாடிக்கையாளர் சேவை,
கருவி தயாரிப்பு நிறுவனம்.

பொருள்: ரெசின் ஓட்டம் அளக்கும் கருவியில் மூடி வளைவு, பாகுநிலைப் பிழை ஆகியவற்றைச் சரிசெய்து தரக் கோருதல்.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். ரெசினுக்கு (துணிக்குள் பாய்ந்து இறுகும் பிசினுக்கு) பதிலாக நடுத்துளை வழியே சிலிக்கோன் எண்ணெயைச் செலுத்தி, கார்பன் துணிக்குள் ஈரம் பரவும் வேகத்தைக் கேமராவில் பதிந்து ஊடுருவுதிறனை, அதாவது துணி திரவத்தை எவ்வளவு எளிதாகப் பாயவிடுகிறது என்பதை, கணிக்கும் உங்கள் கருவி, உண்மையைவிட 35 முதல் 40 விழுக்காடு கூடுதலான எண்ணைத் தருகிறது. 'துணிக்குத் துணி வேறுபாடு இருக்கத்தான் செய்யும்' என்று உங்கள் சேவைப் பொறியாளர் பதில் எழுதியிருக்கிறார். துணிதான் காரணம் என்றால் எண்கள் மேலும் கீழுமாகச் சிதற வேண்டும். ஒரே சுருளில் வெட்டிய துணிக்கு ஒவ்வொரு முறையும் கூடுதலாகவே வருகிறது என்றால் கோளாறு கருவியில்தான்.

முதல் குற்றவாளி, துணியை மேலிருந்து அழுத்தும் மூடி. சோதித்தது 2×2 ட்வில் நெசவு. சதுர மீட்டருக்கு 285 கிராம், 10 அடுக்கு. இழையின் அடர்த்தி கன செ.மீ.க்கு 1.78 கிராம் என்பதால் காற்றிடம் நீக்கிய வெறும் இழையின் தடிமன் 1.60 மி.மீ. மூடிக்கும் அடித்தட்டுக்கும் இடைவெளியை நிர்ணயிக்கும் ஸ்பேசர் சட்டம் 3.00 மி.மீ. ஆகவே அந்த இடைவெளியில் இழை நிரப்பும் இடம், அதாவது இழைப் பங்கு, 53.4 விழுக்காடு; மீதி காற்றிடப் பங்கு. உங்கள் மென்பொருள் அச்சிடுவதும் இதையே. ஆனால் மூடி 400 மி.மீ. சதுரத்தில், 40 மி.மீ. தடிமனுள்ள அக்ரிலிக், போல்ட்டுகள் ஓரங்களில் மட்டும். துணியை அழுத்தி அடைத்து, 1 பார் அழுத்தம் கொடுத்தபின் மூடியின் நடுவில் டயல் கேஜ் வைத்தால் 0.15 மி.மீ. மேலே எழும்பியிருப்பது தெரிகிறது. அங்கே இடைவெளி 3.15 மி.மீ.; இழைப் பங்கு 50.8.

0.15 மி.மீ. அற்பம் என்று தோன்றலாம். கோசெனி–கார்மன் தொடர்பின்படி ஊடுருவுதிறன், காற்றிடப் பங்கின் மும்மடிக்கு நேர் விகிதத்திலும் இழைப் பங்கின் இருமடிக்கு எதிர் விகிதத்திலும் மாறும். 53.4 எங்கே 50.8 ஆகிறதோ அங்கே ஊடுருவுதிறன் 30 விழுக்காடு ஏறிவிடும். மென்பொருள் பழைய காற்றிடப் பங்கையே வைத்துக் கணக்கிடுவதால் அந்த 1.30 மடங்கில் 5 விழுக்காடு போலத் தானாகக் கழிகிறது. அப்படியும் 23 விழுக்காடு கூடுதல் மிஞ்சுகிறது. ஆர ஓட்டத்தில் அழுத்த இறக்கத்தின் பெரும்பகுதி நடுத்துளையை ஒட்டியே நிகழும். மூடி மிக அதிகமாக வளைவதும் அதே இடத்தில்தான்.

இதை உறுதிசெய்ய 11 அடுக்கு வைத்துப் பார்த்தோம். இழைப் பங்கு 58.7 ஆக வேண்டும், ஊடுருவுதிறன் 42 விழுக்காடு குறைய வேண்டும். உங்கள் கருவி காட்டிய குறைவு 30 மட்டுமே. டயல் கேஜ் 0.28 மி.மீ. காட்டியது. அடுக்கைக் கூட்டக் கூட மூடி விட்டுக்கொடுக்கிறது.

இரண்டாவது, எண்ணெய். மென்பொருளில் பாகுநிலை (எண்ணெயின் கெட்டித்தன்மை) 100 மில்லிபாஸ்கல்-விநாடி என்று நிலையாகப் பூட்டப்பட்டுள்ளது. நீங்கள் அனுப்பிய எண்ணெய்ப் புட்டியில் இருப்பதோ 25 டிகிரியில் 100 சென்டிஸ்டோக்; இது பாகுநிலையை அடர்த்தியால் வகுத்த அளவு. அடர்த்தி 0.965 கொண்டு பெருக்கினால் 96.5தான் வரும். இது 3.5 விழுக்காட்டுப் பிழை. அறை 31 டிகிரியில் இருந்தால் இன்னும் மோசம்: சிலிக்கோன் எண்ணெய் டிகிரிக்கு ஏறத்தாழ 2 விழுக்காடு இளகும், ஆக 12 விழுக்காடு. கருவியில் வெப்பநிலை உணரியே இல்லை! மூடி, அலகு, வெப்பநிலை என மூன்று பிழைகளும் ஒரே திசையில். பெருக்கினால் 40ஐத் தாண்டும்.

நேர்மைக்காக எதிர்த்திசைப் பிழையையும் சொல்லிவிடுகிறோம். அழுத்த உணரி எண்ணெய்த் தொட்டியில் இருக்கிறது. அங்கிருந்து 4 மி.மீ. உள்விட்டக் குழாய் 2 மீட்டர் ஓடி நடுத்துளையை அடைகிறது. ஈரமுனை (துணியில் எண்ணெய் பரவிய எல்லை) 20 மி.மீ. ஆரத்தில் இருக்கும்போது அந்தக் குழாயிலேயே அழுத்தத்தில் 10 விழுக்காடு தொலைகிறது, 100 மி.மீ. ஆரத்தில் 4, 5 விழுக்காடு. மேற்சொன்ன பிழையில் கொஞ்சம் இதனால் குறைகிறது. பிழையைப் பிழை திருத்துவதை நாங்கள் விலை கொடுத்து வாங்கவில்லை.

இதனால் என்ன நட்டம் என்று கேட்பீர்கள். இதே துணியை அடுக்கிய 500 மி.மீ. நீள எஃகு மோல்டு (வார்ப்பு அச்சு), 1 பார் அழுத்தம், 200 மில்லிபாஸ்கல்-விநாடி ரெசின், உண்மை ஊடுருவுதிறன் 2 × 10⁻¹¹ சதுர மீட்டர் என்றால் நிரம்ப 97 நிமிடம் ஆகும். உங்கள் எண்ணைப் போட்டால் 71 நிமிடம் என்று கணினி சொல்லும். 90 நிமிடத்தில் இறுகும் ரெசினைத் தேர்ந்தெடுத்து, கையில் 19 நிமிடம் இருக்கிறது என்று நம்பிச் செலுத்தினால், கடைக்கோடியில் ஏறத்தாழ 2 செ.மீ. துணி உலர்ந்தே நிற்கும். அந்தப் பாகம் குப்பைக்குத்தான்.

'துணி வேறுபாடு' என்ற பதிலுக்கு இன்னொரு வார்த்தை. 2011இல் வெளியான பன்னாட்டு ஒப்பீட்டில், ஆளுக்கொரு முறையில் அளந்தபோது ஒரே துணிக்குப் பத்து மடங்கு வரை வேறுபட்ட எண்கள் வந்தன. 2014இல் வெளியான அடுத்த ஒப்பீட்டில் செய்முறையைக் கட்டிப்போட்டதும் சிதறல் சுமார் 20 விழுக்காட்டுக்கு இறங்கியது. துணி மாறியதாலல்ல, அளக்கும் முறை ஒழுங்கானதால். தளவாட்டு (துணியின் தளத்திலேயே பாயும் திசையிலான) ஊடுருவுதிறனுக்கு ஐஎஸ்ஓ 4410 தரநிலையும் 2023இல் வந்துவிட்டது.

நாங்கள் கோருவது: மூடியின் மேல் எஃகு விலாச் சட்டம் பொருத்துங்கள், அல்லது கேமராவுக்குப் பதிலாக ஈரமுனையை அறியும் உணரிகள் பதித்த அதே தடிமன் அலுமினிய மூடி தாருங்கள். அலுமினியம் அக்ரிலிக்கைவிட 20 மடங்குக்கு மேல் விறைப்பானது, 0.15 என்பது 0.01க்குக் கீழே போய்விடும். எதைச் செய்தாலும் நடுவில் ஓர் இடப்பெயர்ச்சி உணரி வேண்டும். அளந்த இடைவெளியைக் கொண்டுதான் மென்பொருள் கணக்கிட வேண்டும். எண்ணெய் வழியில் வெப்பநிலை உணரி, நடுத்துளை வாயில் அழுத்த உணரி, பாகுநிலையை நாங்களே திருத்தும் வசதி ஆகியவையும் தேவை. கடைசி எண் மட்டும் போதாது. ஈரமுனை ஆரம், நேரம், அழுத்தம் ஆகிய மூலத் தரவுகளும் கோப்பாக வர வேண்டும்.

இந்தக் கடிதம் கிடைத்த 30 நாட்களுக்குள் இவற்றைச் செய்து, எங்கள் முன்னிலையில் 10 அடுக்கு, 11 அடுக்கு சோதனைகளை மீண்டும் நடத்திக் காட்டவும். அதுவரை மீதித் தொகை விடுவிக்கப்படாது.

இப்படிக்கு,
பொறுப்பாளர், பரிசோதனைப் பிரிவு.

இணைப்பு: டயல் கேஜ் அளவீட்டுத் தாள்கள், ஈரமுனைப் படங்கள், எண்ணெய்ப் புட்டியின் முகப்புச் சீட்டு நகல்.