மீதமிருப்பவர்களையும் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐ.டி. வேலைநீக்கம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். வேலை போனவர்களின் வீட்டுக் கடன், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் எல்லாம் விரிவாக இருந்தது. வேலை போகாதவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நான் அந்த ரகம். சென்னை நிறுவனம் ஒன்றில் ஒன்பது வருடமாக, மென்பொருளில் பிழை தேடும் டெஸ்டிங் வேலையில் இருக்கிறேன். இப்போது தங்கச்சிமடத்தில், வீட்டிலிருந்தே வேலை.

எங்கள் டீமில் பதினான்கு பேர் இருந்தோம். ஒரு வியாழக்கிழமை ஐந்து பேரை ஹெச்.ஆர். ஒவ்வொருவராகக் கூப்பிட்டது. "நீங்களே ராஜினாமா கொடுத்துவிட்டால் அனுபவச் சான்றிதழில் பிரச்சினை வராது" என்றார்களாம். ஆக, கணக்குப்படி எங்கள் நிறுவனம் யாரையும் நீக்கவில்லை. ஐந்து பேர் ஒரே நாளில் தாமாகவே பேப்பர் போட்டார்கள், அவ்வளவுதான். மறுநாள் காலைக் கூட்டத்தில் மேனேஜர் அந்த ஐந்து பெயரில் ஒன்றைக்கூடச் சொல்லாமல், அவர்கள் வேலையை மட்டும் எங்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை. நானும்தான்.

நான் சொல்ல வந்தது அதற்கு அப்புறம் நடந்ததை. முன்பெல்லாம் ஒரு பிழை கண்ணில் பட்டால் உடனே குரூப்பில் போடுவோம். யார் எழுதிய கோட் என்று பார்ப்பதில்லை. இப்போது தனியாகப் போன் செய்து, "ராத்திரிக்குள் சரிபண்ணிவிடு, நான் பதிவு பண்ணவில்லை" என்கிறோம். பதிவு பண்ணினால் அது, கோட் எழுதியவருடைய அப்ரைசலில், அதாவது வேலை மதிப்பீட்டில், போய் உட்காரும். அடுத்த பட்டியலில் அவர் பெயர் வந்தால் அந்தப் பாவம் யாருக்கு? பிழைகள் பாதியாகக் குறைந்துவிட்டன என்று மேலே இருப்பவர்கள் சார்ட் போட்டுக் காட்டிக் கைதட்டினார்கள். நாங்களும் தட்டினோம்.

ஒரு மாதக் கடைசி இரவில் பில்லிங் நின்றுபோனது. அந்தப் பகுதியை முழுதாக அறிந்தவர் போன ஐவரில் ஒருவர். எதையும் எழுதிவைக்கிற பழக்கம் அவருக்கு. அவருடைய குறிப்பைத் திறந்தோம், படிப்படியாக எல்லாம் இருந்தது, அரைமணியில் சரியானது. தான் இல்லாமலும் வேலை நடக்கும்படி எழுதிவைத்திருந்தார், அதனால்தான் அவரை அனுப்ப முடிந்தது என்று டீமில் எல்லோரும் நம்புகிறார்கள். அன்றிலிருந்து எங்களில் ஒருவரும் ஒரு குறிப்பும் எழுதவில்லை.

2023 ஜனவரி 20 அன்று கூகுள் 12,000 பேரை நீக்கப்போவதாக அறிவித்தபோது, மதுரையில் பிறந்த சுந்தர் பிச்சை முழுப் பொறுப்பையும் ஏற்பதாக எழுதினார். விசைப்படகில் கடலுக்குப் போகும் என் அப்பாவிடம் சொன்னேன். "பொறுப்பேத்தவருக்கு என்ன நட்டம்?" என்றார். 2022ஆம் ஆண்டுக்குப் பிச்சைக்குக் கிடைத்தது 22.6 கோடி டாலர், பெரும்பகுதி பங்குகளாக. எங்கள் ஊரில் பங்கு என்றால் வேறு. டீசல், ஐஸ் செலவு போக மிஞ்சியதில்தான் பங்கு. மீன்பாடு இல்லையென்றால் படகுக்காரருக்கும் டீசல் காசு நட்டம்தான். இதைச் சொர்க்கம் என்று நினைக்க வேண்டாம். முன்பணக் கடனில் சிக்கி, படகு மாற முடியாமல் கிடப்பவர்களை எங்கள் தெருவிலேயே காட்டுவேன். ஆனாலும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் என்பது எல்லோருக்கும் முன்பே தெரியும். திடீரென ஒரு வியாழக்கிழமை வருவதில்லை.

அந்தப் பெரிய உலகத்திலும் வேறு மாதிரி ஆட்கள் இருந்தார்கள். ஜப்பானிய வீடியோ கேம் நிறுவனமான நின்டெண்டோவின் தலைவராக இருந்த சடோரு இவாடா, வேலை போய்விடுமோ என்ற பயத்தில் இருப்பவர்களால் மக்களைக் கவரும் மென்பொருளை உருவாக்க முடியாது என்ற கருத்தை 2013இல் பங்குதாரர்களிடமே சொன்னார். 2014இல் விற்பனை சரிந்தபோது ஐந்து மாதத்துக்குத் தன் சம்பளத்தைப் பாதியாக்கிக்கொண்டார். எங்கள் நிறுவனத்தின் எல்லோரும் கூடும் டவுன் ஹால் கூட்டத்தில் இதை யாராவது எடுத்துச் சொல்வார்களா என்று பார்த்தேன். ம்ஹூம்.

இன்று காலை, புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் குரூப்பில் ஒரு சந்தேகம் கேட்டான். பதில் தெரிந்தவர்கள் மூன்று பேர் இருக்கிறோம். மூன்று பேருமே பார்த்துவிட்டதாகக் காட்டுகிறது. இதை எழுதி முடிக்கும்போது மாலை நான்கு மணி.

பெயர் வெளியிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தங்கச்சிமடம், ராமநாதபுரம் மாவட்டம்.