ஜூன் 21-ல்தான் கோடை தொடங்குகிறதா? பாடநூல் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

பள்ளிப் பாடநூல்களில் பருவகாலங்களைப் பற்றி எழுதும் ஆசிரியப் பெருமக்களுக்கு, வணக்கம்.

"ஜூன் 21 அன்று வட அரைக்கோளத்தில் கோடைக்காலம் தொடங்குகிறது." இந்த வரியைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள், தேர்வில் எழுதுகிறார்கள், மதிப்பெண்ணும் வாங்குகிறார்கள். இதைத் திருத்தி எழுதுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

அன்று வானத்தில் நடப்பதில் எந்தச் சந்தேகமும் இல்லை. பூமியின் அச்சு சுமார் 23.4 டிகிரி சாய்ந்திருக்கிறது. அதனால் ஜூன் 20 முதல் 22-க்குள் ஒரு நாள், சூரியன் கடகரேகைக்கு நேர் மேலே வந்து நிற்கிறது. வட அரைக்கோளத்தில் அதுதான் ஆண்டிலேயே நீளமான பகல். சரி, அதற்கு அடுத்த நாளிலிருந்து பகல் குறையத் தொடங்குகிறதே? வெயில் நேரம் குறையத் தொடங்கும்போது கோடை எப்படித் தொடங்கும் என்று ஒரு மாணவி எழுந்து கேட்டால், பாடத்தில் அதற்குப் பதில் இல்லை.

பதில் ஒரே நாளின் போக்கிலேயே தெரிகிறது. சூரியன் உச்சிக்கு வருவது நண்பகலில். வெக்கை உச்சத்துக்குப் போவதோ பிற்பகல் இரண்டு, மூன்று மணிக்கு. தரை இழக்கும் வெப்பத்தைவிட அதற்கு வந்து சேரும் வெப்பம் அதிகமாக இருக்கும்வரை சூடு ஏறிக்கொண்டேதான் இருக்கும். ஆண்டுக்கும் இதே கணக்கு. வெப்பமண்டலத்துக்கும் துருவப் பகுதிக்கும் இடைப்பட்ட நடு அட்சப் பகுதிகளில், நிலத்தின் உட்பகுதியில் வெப்பம் உச்சம் தொடுவது நீண்ட பகலுக்கு ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து. கடல் சூடாக இன்னும் நாளாகும். அமெரிக்காவின் கடலோர நகரான சான் பிரான்சிஸ்கோவில் செப்டம்பர்தான் வெப்பமான மாதம்! பருவங்களைப் பற்றிய பாடத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இந்தத் தாமதம்தான். உங்கள் பாடத்தில் அதற்கு ஒரு பத்திகூட இல்லாதது வருத்தமாக இருக்கிறது.

வானிலை ஆய்வாளர்கள் ஜூன் 21-க்காகக் காத்திருப்பதில்லை. வட அரைக்கோளத்தின் நடு அட்சங்களில் அவர்களுடைய கோடை ஜூன் 1-ல் தொடங்கி ஆகஸ்ட் 31-ல் முடிகிறது. மூன்று முழு மாதங்களை ஒரு பருவமாகக் கொள்ளும் இந்த முறை, 1780-ல் ஜெர்மனியின் மான்ஹைமில் தொடங்கிய வானிலைச் சங்கத்தின் காலத்திலிருந்து வருகிறது. அதற்கு நல்ல காரணமும் உண்டு. பூமி சூரியனுக்கு மிக அருகில் இருப்பது ஜனவரித் தொடக்கத்தில். அப்போது அது வேகமாக நகர்கிறது. ஜூலையில் தொலைவில் மெதுவாகப் போகிறது. அதனால், ஜூன் 21-ஐ ஒட்டிக் கோடையைத் தொடங்கும் வானியல் கணக்கில் வடக்கின் கோடைக்குச் சுமார் 93.6 நாள், குளிர்காலத்துக்கு 89 நாள். தொடங்கும் தேதியும் ஆண்டுக்கு ஆண்டு நகரும். இப்படிப்பட்ட பருவங்களை வைத்துப் பல ஆண்டுகளின் சராசரியை ஒப்பிடுவது பெரிய தொல்லை.

சுவீடனில் தேதியே கிடையாது. ஒரு நாளின் சராசரி வெப்பநிலை தொடர்ந்து ஐந்து நாட்கள் 10 டிகிரி செல்சியஸோ அதற்கு மேலோ இருந்தால், அந்த ஐந்தில் முதல் நாள் அந்த ஊருக்குக் கோடை வந்த நாள். இந்திய வானிலை ஆய்வுத் துறை மார்ச் முதல் மே வரை ஒரு பருவம், ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழைக் காலம் என்று பிரிக்கிறது. பழந்தமிழ் இலக்கணமோ ஆண்டை ஆறு பெரும்பொழுதாக வகுத்தது. ஒவ்வொன்றும் ஒரு தேவைக்காகப் பிறந்த வரையறை. வானியல் வரையறையும் அப்படி ஒன்றுதான். அதை மட்டும் இயற்கையே எழுதிய விதியைப்போலச் சொல்லிக்கொடுப்பது தவறு.

வெப்பமண்டலத்தில் அந்த வரி இன்னும் மோசமாகப் பொய்க்கிறது. 13 டிகிரி வட அட்சத்தில் ஒரு குச்சியை நேராக நட்டு வையுங்கள். ஜனவரியில் நண்பகல் நிழல் வடக்கே விழும். நாளாக ஆகக் குறுகி, ஏப்ரல் கடைசி வாரத்தில் காலடியில் மறைந்துவிடும். அப்புறம் மறுபக்கம் திரும்பித் தெற்கே நீளத் தொடங்கும். ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தில் மறுபடி மறையும். ஜூன் 21 அன்று அங்கே சூரியன் உச்சியிலிருந்து 10 டிகிரி வடக்கே தள்ளி நிற்கிறது. சூரியன் தலைக்கு மேலே வரும் நாளும் அன்றில்லை, வெயில் தொடங்கும் நாளும் அன்றில்லை. அங்கே படிக்கும் பிள்ளை கண்ணால் பார்ப்பதை நம்புவதா, புத்தகத்தை நம்புவதா? மதிப்பெண்ணுக்காகப் புத்தகத்தை நம்பப் பழக்குகிறோம். அறிவியல் பாடத்தில் இது நடக்கவே கூடாது.

அடுத்த பதிப்பில் அந்த வரியை இப்படி எழுதலாம்: "ஜூன் 21-ஐ ஒட்டி வட அரைக்கோளத்தில் நீளமான பகல் வரும். வானியல் முறைப்படி கோடையை அன்றிலிருந்து கணக்கிடுவர். வானிலையியல் முறைப்படி ஜூன் 1-லிருந்து கணக்கிடுவர். ஓர் இடத்தின் உண்மையான வெயில் காலம் அதன் அட்சத்தையும், கடலையும், மழையையும் பொறுத்தது." தென் அரைக்கோளத்துக்கு ஆறு மாதம் தள்ளி எழுத வேண்டும், ஆஸ்திரேலியாவில் டிசம்பர் 1-லேயே கோடை தொடங்கிவிடுகிறது.

பயிற்சிப் பகுதியில் அந்தக் குச்சியையும் ஒரு வெப்பமானியையும் சேருங்கள். நிழலையும் வெப்பநிலையையும் வாரம் ஒருமுறை குறித்து, கோடை என்று தொடங்கியது என்று மாணவர்களே காரணத்தோடு எழுதட்டும். வெவ்வேறு விடை வந்தாலும், காரணம் சரியாக இருந்தால் முழு மதிப்பெண் கொடுக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
பருவங்களைக் கற்பிக்கும் ஓர் ஆசிரியர்